ஆற்றுப்படையும் அச்சாரமும்

(கும்மிடிப்பூண்டியில் நடைபெற்ற பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டம் தொடங்குவதற்கு முன் அரைமணி நேரம் இவ்விடத்தில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கின. தோடியை எடுத்துக்கொண்டு அந்த வித்வான் மெல்ல மெல்ல விரித்தபோது வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்களெல்லாம் பேச்சை நிறுத்தி உள்ளே வந்ததை நான் கண்டேன். வாசிப்பு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த அன்பர் ஒருவர் எழுந்து சென்று, தவில்காரருடைய கையைப் பற்றிக்கொண்டு, உண்மையான பரிவோடு ஒரு கேள்வி கேட்டார். "ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே. வேலை எங்கே பாக்குறீங்க?" என்று கேட்டார். தவில்காரர் சற்றுத் திகைத்து, தம் மடியில் இருந்த தவிலைப் பார்த்து, "இதுதாங்க" என்றார்.

அந்தக் கேள்வியே இன்று என் பேச்சுக்குப் பொருள். கேட்டவரை நான் குறை சொல்லவில்லை. வேலை என்றால் வாயிற்கதவும், வருகைப் பதிவும், மாதம் பிறந்தால் சம்பளமும் என்று பழகிப்போன ஊர் இது. எஃகு உருட்டாலைகளும் உலைக்கூடங்களும் நெருங்கி நிற்கும் இந்தச் சிப்காட் வட்டாரத்தில், ஈ.எஸ்.ஐ. என்ற சொல்லையும் பி.எப். என்ற சொல்லையும் பள்ளிப் பிள்ளைகூட அறியும். 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் ஆலைத் தொழிலாளிக்கு, நோய்க்கு ஒரு மருந்தையும் முதுமைக்கு ஒரு கைப்பிடியையும் தந்தன. அவையும் எல்லோருக்கும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்பதை ஒப்பந்தத் தொழிலாளர்களாகிய உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஆனாலும், கிடைக்கவில்லை என்று முறையிடவாவது உங்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது. இன்று திருமழிசையில் ஒரு கல்யாணம், நாளை ஆரம்பாக்கத்தில் ஒரு கும்பாபிஷேகம், நாளை மறுநாள் எங்கே என்று தெரியாத ஒரு வாத்தியக்காரர் எந்த வாசலில் போய் நிற்பார்?

இந்த நிலைமை நேற்று வந்ததன்று. நம் இலக்கியத்தில் ஆற்றுப்படை என்று ஒரு வகை உண்டு. பத்துப்பாட்டில் பாதி அதுதான். அதன் அமைப்பை நினைத்துப் பாருங்கள். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வழியில், பசியோடும் சுற்றத்தோடும் யாழைச் சுமந்துகொண்டு வரும் வேறொரு கலைஞனைக் காண்கிறான். கண்டவன் தன் செல்வத்தை மறைத்துக்கொண்டு ஒதுங்கிப் போகவில்லை. நான் இன்னாரிடம் பெற்றேன், நீயும் போ, இந்த வழியாகப் போ, இன்ன இடத்தில் இன்ன உணவு கிடைக்கும், இன்ன இடத்தில் அஞ்ச வேண்டியதில்லை என்று விரித்துச் சொல்கிறான். வேலை தேடும் வாத்தியக்காரனுக்கு வேலை பெற்ற வாத்தியக்காரன் சொல்லும் விலாசம் அது. அந்த ஆற்றுப்படைகளுள் ஒன்று நம் தொண்டை நாட்டுக்கே உரியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, 500 அடிகளில், காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் ஒரு பாணனை வழிப்படுத்துகிறது. உப்பு வண்டிகள் செல்லும் பாதையும், எயினர் குடியிருப்பும், உழவர் ஊரும், கடற்கரைப் பட்டினமும் அதிலே வரிசையாக வருகின்றன. புலவர்கள் அதனை மன்னன் புகழாகப் படிக்கிறார்கள், படிக்கட்டும். ஒரு பாணனுடைய வயிற்றின் பக்கமிருந்து அதைப் படித்துப் பார்த்தால், சுமை தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்த ஒரு தொழிலாளியின் பயணக் குறிப்பாகவே அது எனக்குத் தோன்றுகிறது.

இன்றைக்கு அந்த ஆற்றுப்படை எங்கே இருக்கிறது? கைப்பேசியில் இருக்கிறது. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணங்களுக்கு அழைப்பு வந்தால், ஒன்றைத் தாம் வைத்துக்கொண்டு மற்றொன்றைப் பொன்னேரியிலோ ஊத்துக்கோட்டையிலோ இருக்கும் தோழருக்குத் தள்ளிவிடுகிறார் மேளக்காரர். "நீ போ, நல்ல இடம், சாப்பாடு போடுவாங்க, பணம் இழுக்கமாட்டாங்க" என்று அவர் சொல்லும் அந்த நாலு வார்த்தையில் இருபது நூற்றாண்டுகளின் தோழமை இருக்கிறது. சொந்தமாகத் தொழில் செய்யும் வாத்தியக்காரர் எவரும் தம் கைத்திறமையால் மட்டும் பிழைப்பதில்லை. மற்றொரு வாத்தியக்காரரின் வாய்ச்சொல்லாலும் பிழைக்கிறார். இன்று உணவுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுக்கும் இளைஞர்களைக் 'கிக்' தொழிலாளர் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன அல்லவா? அந்தச் சொல்லும் அமெரிக்க நாட்டு ஜாஸ் வாத்தியக்காரர்கள் தங்கள் ஓரிரவு வாசிப்பைக் குறிக்க வழங்கிய சொல்தான். நிலையில்லாத வேலைக்கு உலகம் பெயர் தேடியபோது, அந்தப் பெயர் சங்கீதக்காரர்களிடம் முன்பே இருந்தது.

நம் மண்ணிலேயே இன்னும் இரண்டு இடங்களை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். ஒன்று திருவாலங்காடு. கூத்தப்பிரானின் ஐந்து சபைகளில் ரத்தின சபை அங்கே இருக்கிறது. காரைக்காலம்மையார் அந்தத் தலத்தைப் பாடியபோது, ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களையும், தக்கை, துந்துபி, மத்தளம், தமருகம், குடமுழா, மொந்தை என்று பல வாத்தியங்களையும் தம் பதிகத்திலே அடுக்கினார். அத்தனை வாத்தியங்களுக்கும் அன்று பெயர் இருந்ததென்றால், அவற்றைச் செய்ய ஒரு தச்சரும், தோல் போர்த்த ஒரு கைவினைஞரும், முழக்க ஒரு கலைஞரும் அன்று இருந்திருக்க வேண்டுமல்லவா? அவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

மற்றொன்று மணலி. இன்று மணலி என்றால் உங்கள் மனத்தில் எழுவது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், அதன் புகைபோக்கியில் எரியும் நெருப்பும். 1965இல் நிறுவனமாகி 1969இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை அது. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மணலி முத்துகிருஷ்ண முதலியார் என்னும் பிரபுவின் ஆதரவில், திருவாரூரிலிருந்து ராமஸ்வாமி தீக்ஷிதர் என்னும் வித்வான் குடும்பத்தோடு வந்து அங்கே வசித்தார். அவருடைய மூத்த குமாரரே சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துஸ்வாமி தீக்ஷிதர். சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்கள் வாசித்த பாண்டு வாத்தியத்தின் மெட்டுக்களைக் கேட்டு, அவற்றுக்கு அவர் சம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரம் என்று அவற்றை இன்றும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அவருடைய தம்பி பாலஸ்வாமி தீக்ஷிதர் ஐரோப்பிய வாத்தியமான பிடிலைக் கற்று, நம் சங்கீதத்துக்குள் அதைக் கொண்டுவந்தார். பிறகு முத்துஸ்வாமி தீக்ஷிதர் காசிக்குச் சென்று திரும்பி, நம் திருத்தணிகை மலையிலே முருகன் சந்நிதியில் தம் முதல் கிருதியைப் பாடினார் என்பது பரம்பரையாக வரும் செய்தி.

இதை நான் ஊர்ப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு பிரபுவின் வீட்டில் அரிசிக்குக் கவலையில்லாமல் இருந்த காரணத்தால் ஒரு குடும்பம் சங்கீதத்தின் போக்கையே மாற்றியது, அதற்காகச் சொல்கிறேன். கவலையற்ற சில ஆண்டுகள் கலைஞனுக்குக் கிடைத்தால் என்ன விளையும் என்பதற்கு மணலியைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆதரவும் நிலைக்கவில்லை. தீக்ஷிதர் குடும்பம் ஊர் ஊராகப் பெயர்ந்தது. பாலஸ்வாமி எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக அமர்ந்தார். முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835இல் அந்த எட்டயபுரத்திலேயே காலமானார். இன்று முதலியாரும் இல்லை, சமஸ்தானமும் இல்லை. பிரபுக்கள் இருந்த இடத்தில் இன்று ஆலைகள் இருக்கின்றன, கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன, கோயில் விழாக் குழுக்கள் இருக்கின்றன, நீங்களும் நானும் இருக்கிறோம். ஆகவே அந்தப் பொறுப்பும் நம்மிடமே வந்திருக்கிறது.

அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றுகிறோம்? இதற்கு விடை காண, ஒரு வாத்தியக்காரருடைய ஓராண்டை உங்கள் முன் விரிக்கிறேன். ஆலைக்கு ஆங்கில மாதம், அவருக்குப் பஞ்சாங்கம். தை பிறந்தால் முகூர்த்தம் பிறக்கிறது. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் தைப் பிரம்மோற்சவமும் சித்திரைப் பிரம்மோற்சவமும் வருகின்றன. வைகாசியிலும் ஆவணியிலும் மண்டபங்கள் நிறைகின்றன. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியில் பலர் வைப்பதில்லை. நாதஸ்வரக்காரருக்கு அடுப்பு மந்தமாக எரியும் அதே ஆடியில்தான் பம்பைக்காரருக்கும் உடுக்கைக்காரருக்கும் தூக்கமில்லாத வேலை வருகிறது. பெரியபாளையத்து அம்மனுக்கு வேப்பஞ்சேலை உடுத்தி வரும் கூட்டத்துக்கு நடுவே, ஞாயிறு தோறும், வெயிலில் நின்று, பம்பையின் ஒலியோடு தம் தொண்டையையும் சேர்த்து அவர்கள் கொடுக்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி ஏறும் காவடிகளுக்கு முன்னே வாத்தியம் போகிறது. டிசம்பர் 31ஆம் தேதி இரவு அங்கே படித் திருவிழா. அந்த 365 படிகளிலும் பஜனை கோஷ்டிகள் பாடிக்கொண்டே ஏறுகின்றன. சிறுவாபுரி முருகனுக்குச் செவ்வாய்க்கிழமை. இவ்வாறு ஒரு தெய்வம் விட்ட இடத்தில் மற்றொரு தெய்வம் படியளக்க, வருஷம் நகர்கிறது.

பேச்சுக்கு, இவர் ஓராண்டில் 60 நாள் வாசித்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 60 நாளின் சம்பாவனையில் 365 நாளும் அடுப்பு எரிய வேண்டும். வாசிக்காத 305 நாளும் அவர் சும்மா இருந்தாரா? காலையில் சாதகம் செய்யாத நாதஸ்வரக்காரருடைய மூச்சு முகூர்த்தத்தில் தாங்காது. தவில்காரருடைய விரல்கள் பழக்கம் விட்டால், விரற்கூடுகளை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம்கூட வாசிக்க முடியாது. வாத்தியமும் சும்மா வருவதன்று. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் வயிரம் பாய்ந்த ஆச்சா மரத்தைக் கொண்டு நாதஸ்வரம் கடைகிறார்கள். நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளைக்காகப் பாரி நாதஸ்வரத்தை உருவாக்கித் தந்த ரங்கநாதன் ஆசாரியின் ஊர் அது. 2022இல் அந்த வாத்தியத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதன் சீவாளியோ நாணலை ஒத்த ஒரு தட்டையிலிருந்து கையால் பக்குவப்படுத்தப்படுவது. சில கச்சேரிகளில் தேய்ந்துபோவது. தவிலுக்குத் தோல் மாற்ற வேண்டும். இவையெல்லாம் யார் கணக்கில் சேருகின்றன? ஆலையில் எந்திரம் தேய்ந்தால் முதலாளி மாற்றுகிறார். இவருக்கு எந்திரமும் சொந்தம், தேய்மானமும் சொந்தம்.

இன்னும் கேளுங்கள். ஒரு செட்டு என்றால் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதி. மண்டபத்துக்காரர் மூலமாகவோ ஏற்பாட்டாளர் மூலமாகவோ வேலை வந்தால், வீட்டார் கொடுக்கும் தொகை ஒன்று, இவர் கைக்கு வரும் தொகை வேறொன்று. வண்டி வாடகை போக, மிச்சத்தை ஐந்து பேரோ ஆறு பேரோ பங்கிட வேண்டும். முதல்நாள் மாலை மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர்கள் மறுநாள் முற்பகல் வரை இருக்கிறார்கள். இரவு எங்கே படுக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

சாவு வீட்டுக்குப் பறை வாசிக்கவும் பாண்டு வாசிக்கவும் செல்கிறவர்களுடைய நிலைமை இன்னும் கடினமானது. அவர்களுக்குப் பஞ்சாங்கம் கிடையாது. நள்ளிரவில் அழைப்பு வரும். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் அச்சாரம் கேட்க எந்த மனிதனுக்கு வாய் வரும்? அதனால் முன்பணம் இல்லாமல் போகிறார்கள். சுடுகாட்டு வாசலில் நின்று, பகல் முழுவதும் தோள் வலிக்க அடித்த பிறகு, பேசிய தொகைக்காக மன்றாடுகிறார்கள். கூலியைக் குறைப்பதோடு சிலர் மரியாதையையும் குறைக்கிறார்கள். பிறந்த சாதியைச் சொல்லி ஒருமையில் அழைக்கிறார்கள். அந்தப் பறையை இன்று பல்கலைக்கழக மேடைகளில் இளைஞர்கள் பெருமையோடு முழக்குகிறார்கள். நான் அதைக் கண்டு மகிழ்கிறேன். ஆனால் மேடையில் பறைக்குக் கிடைத்த அந்த மரியாதை தெருவில் பறையடிக்கும் பெரியவருக்கு வந்து சேராதவரை, என் மகிழ்ச்சி பாதிதான்.

மெல்லிசைக் குழுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கூட்டத்திலேயே பகலில் ஒப்பந்த வேலைக்கும் இரவில் கீபோர்டு வாசிக்கவும் போகிற இளைஞர்கள் இருப்பார்கள் என்று நம்புகிறேன். ஒரு கச்சேரிக்காக அவர்கள் ஒரு ஷிப்டை இழக்கிறார்கள். ஆகவே கச்சேரிக்கு வரும் பணத்தில் இழந்த கூலியைக் கழித்துவிட்டுத்தான் வருமானத்தைக் கணக்கிட வேண்டும். கச்சேரியை முதல்நாள் ரத்து செய்கிறவர்கள் இதை நினைப்பதில்லை.

நான் நேரில் கண்ட ஒரு காட்சியை இங்கே சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆலையில் ஆயுதபூஜைக்கு என்னை அழைத்திருந்தார்கள். எந்திரங்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டி, பொரியும் கடலையும் குவித்து வைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் வாசிக்கும் நாதஸ்வரக்காரர் அந்த ஆண்டும் வந்து வாசலில் நின்றார். பொறுப்பிலிருந்தவர், "இந்த வருஷம் வேண்டாமுங்க, ஸ்பீக்கர்லயே போட்டுக்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெரியவர் கோபப்படவில்லை. "சரிங்க, பூஜை நல்லா நடக்கட்டும்" என்று சொல்லி, வாத்தியப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். உள்ளே, கடைசல் எந்திரத்துக்கும், அளவுகோலுக்கும், திருப்புளிக்கும் கற்பூர ஆரத்தி நடந்துகொண்டிருந்தது. ஒரு மனிதன் தன் ஜீவனத்துக்குப் பயன்படுத்தும் கருவியைத் தெய்வமாக வணங்கும் நாள் அல்லவா அது? அந்த நாளில், ஆச்சா மரத்தாலான அந்தக் கருவி மட்டும் பூஜை பெறாமல் சாலையோடு போயிற்று. இன்றைக்கும் அந்த முதுகு என் கண்ணை விட்டு அகலவில்லை.

கோயில்களிலும் இது நடக்கிறது. மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் ஒரு சட்டத்தில் பூட்டப்பட்டு, பொத்தானை அழுத்தியதும் தாமே அடித்துக்கொள்கின்றன. எந்திரத்தின் மேல் எனக்குப் பகைமை இல்லை. எந்திரத்தால் வாழும் ஊரில் நின்று அப்படிப் பேசுவது நியாயமும் இல்லை. சிறிய கோயில்களின் வருமானம் எனக்குத் தெரியும். ஆனால் தினமும் முடியாவிட்டால் வெள்ளிக்கிழமையாவது, வெள்ளிக்கிழமை முடியாவிட்டால் திருவிழாவுக்காவது ஒரு மனிதரை அழைக்கலாமே? தீபாராதனை நீண்டால் தானும் நீட்டவும், சுவாமி புறப்பாட்டில் மல்லாரியை எடுக்கவும் அந்தச் சட்டத்துக்குத் தெரியுமா?

தொழிலாளிக்குச் சங்கம் உண்டே, இவர்களுக்கு இல்லையா என்று கேட்பீர்கள். சென்னையில் திரைப்பட இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் உண்டு, இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் அதற்காகப் பாடுபட்டார். பிடில்காரருடைய வேலைக்கும் நேரமும் ஊதியமும் வரையறுக்கப்பட வேண்டும் என்று, தம் பட வாய்ப்புகளையும் பொருட்படுத்தாமல் பேசியவர் அவர். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007இல் நல வாரியம் ஏற்பட்டது. பதிவு செய்துகொள்ளாதவர்கள் பலர் இருக்கிறார்கள். படித்த பிள்ளைகள் தங்கள் தெருவில் உள்ள கலைஞருக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் அது பெரிய தர்மம். ஒலிப்பதிவில் வாசிக்கிறவர்களுக்கு 1994இலும் 2012இலும் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. கல்யாண மண்டபத்துத் தவிலுக்கோ சங்கமும் சட்டமும் நெடுந்தொலைவில் நிற்கின்றன. அங்கே கிட்டத்தில் இருப்பது நாம்தான்.

ஆகையால் உங்களிடம் விண்ணப்பித்துக் கொள்கிறேன். வீட்டில் கல்யாணம் வந்தால் மேளத்தை நீங்களே நேரில் பேசுங்கள். வெற்றிலை பாக்கோடு கொடுக்கும் அச்சாரம் கௌரவமான தொகையாக இருக்கட்டும். நாள் தள்ளிப்போனால் அச்சாரத்தைத் திருப்பிக் கேளாதீர்கள். உங்களுக்காக அவர் வேறொரு முகூர்த்தத்தை விட்டிருக்கிறார். முதல் பந்தியில் அவர்களை உட்கார வையுங்கள். தாலி கட்டும் வேளைக்கு மூச்சு வேண்டும். மீதிப் பணத்தை, மண்டபம் காலியாகி ஆளைத் தேடும் நேரம் வரை வைத்திராமல், கெட்டிமேளம் முழங்கி முடிந்த உடனே, தாம்பூலத்தட்டில் வைத்து, குடும்பத்துப் பெரியவர் கையால் கொடுங்கள். ஆலைத் தோழர்களே, ஆயுதபூஜைக்கு நீங்கள் வசூலிக்கும் பணத்தில் மேளத்துக்கு ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம்மோடு உழைக்கும் சகோதரர்கள் செப்டம்பர் 17ஆம் தேதி விசுவகர்மா பூஜை செய்கிறார்கள்; அவர்களிடமும் நம் மேளக்காரரை அறிமுகம் செய்து வையுங்கள். முகூர்த்தம் குறைந்த புரட்டாசிக்கு அது ஒரு நாள் வேலையாகும்.

நான் இன்னும் பேசக்கூடும். ஆனால், தொடக்கத்தில் நமக்குத் தோடி வாசித்த அந்தக் குழுவினர் பொன்னேரியில் இறங்க வேண்டும். சென்னைக்குப் போகும் ரயிலுக்கு இன்னும் அதிக நேரம் இல்லை. அவர்கள் கடைசி வரிசையில், வாத்தியங்களைக் கட்டி வைத்துக்கொண்டு, என் பேச்சு முடிவதற்காகக் காத்திருக்கிறார்கள். அவைத் தலைவர் அவர்கள் தயவுசெய்து எழுந்து வந்து, நன்றியுரைக்கு முன்னால், அவர்களுடைய சம்பாவனையை இந்த மேடையிலே, இந்தச் சபையின் முன்னிலையிலே கொடுத்தருள வேண்டும். வாசலில் அவர்களுடைய கைப்பேசி எண்ணை ஒரு பலகையில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆவணியில் வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள் போகும்போது குறித்துக்கொண்டு போங்கள்.